பத்து செகண்ட், ஆறால பெருக்கு

செருப்பை அந்தக் கீழ்த் தட்டுல வைங்க சார், மேல் தட்டு ஆடும். வச்சுட்டு, கழுத்துல தொங்குற ஸ்டாப்வாட்ச்சைக் கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டு ஒரு அஞ்சு நிமிஷம் இப்படி உக்காருங்க. உள்ள போய்ப் பாக்கலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. கேலரி இருக்கு, ஃபேன் இருக்கு, பெத்தவங்க உக்காரத்தான் போட்டு வச்சிருக்காங்க. எனக்கு மட்டும்தான் உள்ள அனுமதி இல்ல. நீச்சல் குளத்துக்காரங்க போட்ட தடை இல்ல சார் இது. உள்ள மிதவை பெல்ட் கட்டிக்கிட்டு ஆழத்துல ஓடிக்கிட்டிருக்கே ஒரு பொண்ணு, பதிமூணு வயசு, நந்திதான்னு பேரு, என் பொண்ணு. அவ போட்ட தடை. செருப்பு ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம், சுவத்துக்கு வெளிய. இன்னிக்கோட முப்பது நாள்.

உங்க பொண்ணையும் டென்னிஸ் கோச் பெலிக்ஸ் சார்தான அனுப்பியிருக்காரு? வாசல்ல பாத்தேன், தோள்ல டென்னிஸ் பை, கையில நீச்சல் தொப்பி. முதல் நாள்னாலே தெரிஞ்சுடும். பிள்ளை முன்னாடி போகும், அப்பா பின்னாடி ஸ்டாப்வாட்ச்சோட வருவாரு. நானும் அப்படித்தான் வந்தேன். என்னோடது உங்களதவிட உசத்தி, ஐம்பது கணக்கு ஞாபகம் வச்சுக்கும்.

விசில் கேட்டுச்சா? பெலிக்ஸ் சார் ஊதுறது. ஒரு விசிலுக்கு ஒரு நிமிஷம் தண்ணிக்குள்ள ஓட்டம், அப்புறம் அரை நிமிஷம் சும்மா மிதக்கணும். கால் தரையில படாது, கழுத்து வரைக்கும் தண்ணி. இது மூணாவது விசில். எண்ணல சார். காதுல விழுது, காதைக் கழட்டி வைக்க முடியுமா?

எண்ணக் கூடாதுங்கிறதுதான் பேச்சு. முப்பது நாள் அவ பயிற்சி பண்றப்ப நான் எதையும் எண்ணாம இருக்கணும். இருந்துட்டா, வர்ற ஞாயித்துக்கிழமை மதுரையில செலக்‌ஷன் மேட்ச், அதுக்கு நான் வந்து உக்காந்து பாக்கலாம். எண்ணினேன்னா அவ பெலிக்ஸ் சார் வேன்ல போயிடுவா, நான் வீட்டுல சுகந்தியோட உக்காந்து டிவி பாக்கலாம். சுகந்தி என் சம்சாரம். அவளுக்கு எது நடந்தாலும் சம்மதம்.

முதல்லேர்ந்து சொல்றேன், அப்பதான் உங்களுக்கு உபயோகமா இருக்கும். நான் குடிநீர் வாரியத்துல உதவிப் பொறியாளர். வைத்திலிங்கம்னு பேரு. இருபத்தி ரெண்டு வருஷமா தண்ணிதான் சார் என் பொழப்பு. ஆத்துல எடுத்து, குழாய்ல தள்ளி, மேல்நிலைத் தொட்டியில ஏத்தி, ஊருக்கு விடுறது. மோட்டார் ஓடுற சத்தத்தை வச்சே அதுக்கு என்ன வியாதின்னு சொல்லிடுவேன். இதை ஏன் சொல்றேன்னா, இந்தக் கதையில ஒரு முட்டாள் வருவான், அவன் படிக்காதவன்னு நீங்க நெனச்சுடக் கூடாது.

என் பொண்ணு ஏழு வயசுலேர்ந்து ஆடுறா. கை நல்ல கை. முதல் செட் எடுத்துருவா, ரெண்டாவது இழுபறி, மூணாவது செட்டுன்னா முடிஞ்சது. முழங்கால்ல ரெண்டு கையையும் ஊன்றிக்கிட்டுக் குனிஞ்சு நிப்பா, மூச்சு இரைக்கும். மார்ச்சுல சேலத்துல ஒரு மேட்ச், மூணாவது செட் ஆறுக்குப் பூஜ்யம். எதிர்ல ஆடின பொண்ணு இவளைவிட ஒரு சாண் குள்ளம். வர்ற வழியெல்லாம் பஸ்ல நான் பேசிக்கிட்டே வந்தேன். என்ன பேசினேன்னு கேக்காதீங்க. நாமக்கல் தாண்டுறப்ப பின்சீட்டுக்காரரு எந்திரிச்சு முன்னாடி போயிட்டாரு.

பெலிக்ஸ் சார் அவளோட கோச். அதிகம் பேச மாட்டாரு. அவர் சொன்னாரு, "சார், இவளுக்குக் கையில குறை இல்ல. இதயமும் நுரையீரலும் இன்னும் கொஞ்சம் தாங்கணும். அதுக்கு ஓட்டம் வேணும். ஆனா ஏற்கனவே சிமெண்ட் கோர்ட்டுல ஆடி ஆடி முழங்காலுக்குக் கீழ எலும்பு வலிக்குதுங்கிறா, வளர்ற வயசு வேற. ரோட்டுல ஓட விட்டா வலி கூடிரும். தண்ணில ஓட விடுவோம். வாரத்துக்கு மூணு நாள், அரை மணி நேரம். கால்ல அடி விழாது, இதயத்துக்கு முழு வேலை கெடைக்கும்."

தண்ணின்னு சொன்னாரு பாருங்க, எனக்கு ஒரு சந்தோஷம். ஆறு வருஷமா டென்னிஸ்ல எனக்கு ஒண்ணும் தெரியாது, பந்து எடுத்துப் போடுறது, தண்ணி பாட்டில் தூக்குறது, இவ்வளவுதான் என் பங்கு. இப்ப வந்துருச்சுல்ல நம்ம டிபார்ட்மெண்ட்டுக்கு.

அஞ்சாவது. நீங்க பேசாம இருங்க, நான் எண்ணல.

முதல் வாரம் பெலிக்ஸ் சார் கூடவே இருந்து பழக்கினாரு. அதுக்கப்புறம் அவர் மூணு வாரம் வெளியூர் போக வேண்டி வந்துச்சு, டீமோட. போறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டுச் சொன்னாரு: "சார், ஓடிக்கிட்டிருக்கப்பவே அவகிட்ட ஏதாவது ஒரு கேள்வி கேளுங்க. சாப்பிட்டியா, நாளைக்கு என்ன பரீட்சை, ஏதாவது. ரெண்டு மூணு வார்த்தையில பதில் சொல்ல முடிஞ்சா சரியா ஓடுறான்னு அர்த்தம். கதையே சொல்றான்னா கம்மி. பதிலே வரலைன்னா அதிகம், நிப்பாட்டிருங்க. வேற ஒண்ணும் பாக்க வேணாம்." நான் சரி சரின்னு தலையாட்டினேன். மனசுக்குள்ள என்ன நெனச்சேன் தெரியுமா? பாவம், நல்ல மனுஷன், கருவி இல்லாம பயிற்சி குடுக்கிறாருன்னு நெனச்சேன்.

ஒரு மோட்டாரை ஓட விட்டுட்டு, ஏம்ப்பா நல்லா இருக்கியான்னு விசாரிப்பாங்களா? மீட்டரைப் பாக்கணும். டென்னிஸ் கோர்ட் ஆபீஸ் சுவத்துல ஒரு சார்ட் தொங்கும், பாத்திருப்பீங்க, எந்த வயசுக்கு எவ்வளவு நாடித் துடிப்பு வரணும்னு. இவ வயசுக்கு நல்லா வேலை செஞ்சா நிமிஷத்துக்கு நூத்தி அறுபத்தஞ்சு, நூத்தி எழுபது வரணும். அதை போன்ல படம் பிடிச்சேன். நோட்டு ஒண்ணு வாங்கி அட்டை போட்டேன். "பத்து செகண்ட் எண்ணு, ஆறால பெருக்கு" அப்படின்னு முதல் பக்கத்துல சிவப்பு மையில எழுதினேன்.

முதல் நாள் நானே எண்ணினேன். ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் அவ கரைக்கு வரணும், நான் குனிஞ்சு மணிக்கட்டைப் பிடிப்பேன். இருபத்தஞ்சு. ஆறால பெருக்கினா நூத்தைம்பது. அடுத்த தடவை இருபத்தி நாலு. நூத்தி நாப்பத்தி நாலு. நூத்தைம்பதைத் தாண்டவே இல்ல சார். இதே பொண்ணு கோர்ட்டுல ஓடினா நூத்தி அறுபத்தெட்டு வருது. நான் என்ன முடிவுக்கு வந்தேன்? உங்களுக்கு என்ன தோணுது? அதேதான். தண்ணில போய் மிதந்துக்கிட்டு ஏமாத்துறா.

மோட்டார் கம்மியா கரண்டு இழுத்தா லோடு இல்லன்னு அர்த்தம். இது எங்க தொழில்ல அரிச்சுவடி. "உன் இதயம் சும்மா சுத்திக்கிட்டிருக்குடி, வேலையே செய்யல"ன்னு சொன்னேன். அவ கரையைப் பிடிச்சுக்கிட்டு, "இல்லப்பா, கஷ்டமாத்தான் இருக்கு, தொடை எரியுது"ன்னா. எரியுதாம். கையில எண் இருக்கப்ப நான் ஏன் தொடையை நம்பணும்? இன்னும் பத்து நிமிஷம்னு சொன்னேன்.

ரெண்டாவது நாள் குனிஞ்சு பிடிக்கப் போய் வழுக்கிட்டேன். முழுக்க விழல, ஒரு கால் மட்டும் உள்ள போச்சு, பேண்ட்டு தொடை வரைக்கும் நனைஞ்சு, சின்னப் பசங்க பேட்ச்ல எல்லாம் சிரிச்சாங்க. அதுலேர்ந்து முறையை மாத்தினேன். அவளே கழுத்துல விரலை வச்சு எண்ணட்டும், நான் கரையில நாற்காலி போட்டு ஸ்டாப்வாட்ச்சைப் பாத்து ஆரம்பி, நிறுத்துன்னு சொல்வேன், அவ எண்ணைச் சொல்லணும், நான் எழுதிக்கணும். நல்ல ஏற்பாடுதான? நானும் அப்படித்தான் நெனச்சேன்.

அந்த முறை வந்தப்புறம் ரெண்டு நாள் பழைய கதைதான். இருபத்தஞ்சு, இருபத்தி நாலு. நான் கத்தினேன். மூணாவது நாள் இருபத்தேழு சொன்னா. நான் கை தட்டினேன். அடுத்து இருபத்தெட்டு. அப்புறம் இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு. ஆறால பெருக்கினா நூத்தி அறுபத்தெட்டு, சார்ட்டுல போட்டது போட்டபடி. எனக்குத் தலைகால் புரியல. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல தினம் சாயங்காலம் போடுவேன், "இன்றைய நாடி 168". ஓசூர்ல இருக்கிற மச்சினன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவான். ஆபீஸ்ல பம்ப் ஆபரேட்டர்லேர்ந்து நிர்வாகப் பொறியாளர் வரைக்கும் சொல்லிட்டேன், சொந்தப் பொண்ணோட இதயத்தை நானே ட்யூன் பண்ணிட்டேன்னு. அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். இப்ப நெனச்சா அந்தக் குளத்துலயே போய் உக்காந்துக்கலாம் போல இருக்கு.

எண் நல்லா வந்ததும் என்ன பண்ணணும்? நிறுத்தணும். நான் நேரத்தைக் கூட்டினேன். வாரம் மூணு நாள்ங்கிறது தினமும் ஆச்சு. அரை மணி ஐம்பது நிமிஷமாச்சு, ஐம்பது எழுபத்தஞ்சு ஆச்சு. சாயங்காலம் கோர்ட்டு வேற. வீட்டுக்கு வந்தா தட்டுல கையை வச்சுக்கிட்டே தூங்கிடுவா. சுகந்தி சொன்னா, "அது குழந்தைங்க, உங்க தண்ணி தள்ளுற பூஸ்டர் ஸ்டேஷன் இல்ல." நான் ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருந்த கிராஃபைக் காட்டினேன். நேரா போற கோடு சார், ஏத்தம் இறக்கமே இல்ல, ஸ்கேல் வச்சுக் கிழிச்ச மாதிரி. அதைப் பாத்து எனக்கு சந்தேகம் வந்திருக்கணும். எனக்குப் பெருமை வந்துச்சு.

இது எட்டா, ஒன்பதா? ஒன்பது. பாத்தீங்களா, தடுமாறுறேன். முழுசா எண்ணுறவன் தடுமாறுவானா?

ஒரு சனிக்கிழமை. எழுபத்தஞ்சு நிமிஷம் முடிஞ்சு கடைசி எண் சொன்னா, இருபத்தெட்டு. சபாஷ்னு எழுதிக்கிட்டேன். அவ ஏணியில ஏறினா. ரெண்டு படி, மூணு படி. முழு ஒடம்பும் தண்ணிக்கு வெளிய வந்துச்சு. "அப்பா"ன்னா. நான் நோட்டை மூடி பேனாவுக்கு மூடி போட்டுக்கிட்டிருந்தேன். நிமிந்து பாக்குறப்ப அவ இல்ல. லைஃப்கார்டு அம்மா பாஞ்சு வந்து இடுப்புல கையைக் குடுத்துத் தாங்கி, அப்படியே ஈரத் தரையில படுக்க வச்சாங்க. உதடெல்லாம் வெளுத்துப் போச்சு. கண்ணு மேல போயிருச்சு. ஒரு நிமிஷம்கூட இருக்காது சார், முழிச்சுட்டா, தண்ணி கேட்டா. ஆனா அந்த ஒரு நிமிஷத்துல நான் நாடி பாக்கல. பத்து செகண்ட், ஆறால பெருக்கு, ஒண்ணும் ஞாபகம் இல்ல. நந்து, நந்துன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்னு அந்த அம்மா அப்புறம் சொன்னாங்க.

தில்லைநகர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஈ.சி.ஜி. எடுத்தாங்க. எதுக்கும் எக்கோ பாத்துருவோம்னாங்க. விளையாடுற பிள்ளை மயங்கி விழுந்தா இதயத்தைப் பாக்காம விடக் கூடாதாம். அவளை உள்ள கூட்டிட்டுப் போனாங்க, என்னை வெளிய நிக்கச் சொன்னாங்க. கதவுக்கு மேல ஒரு சிவப்பு விளக்கு. அது அணையுற வரைக்கும் உள்ள போகக் கூடாது. சுகந்தி அப்பதான் பஸ்ல வந்துக்கிட்டிருக்கா, போன்ல என்ன சொல்றதுன்னு தெரியாம ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னேன்.

பயந்தேன் சார். வேற வார்த்தை போட்டுச் சொல்ல மாட்டேன். பிறந்ததுலேர்ந்தே அவ இதயத்துல ஓட்டை கீட்டை ஏதாவது இருந்து, அது தெரியாம நான் நாற்காலி போட்டு உக்காந்து இன்னும் பத்து நிமிஷம், இன்னும் பத்து நிமிஷம்னு விரட்டியிருந்தா? அவ போதும்பான்னு எத்தனை தடவை சொன்னான்னு நெனச்சுப் பாத்தேன். அதை நான் எந்த நோட்டுலயும் எழுதி வைக்கல. தினம் சொல்லியிருக்கா. முதல்ல வாயால சொன்னா, அப்புறம் தலையை ஆட்டிச் சொன்னா, கடைசியில சொல்றதையே விட்டுட்டா. நான் என்னடான்னா, பரவாயில்ல, இப்பல்லாம் எதிர்த்துப் பேசுறதில்லன்னு சந்தோஷப்பட்டேன். அந்த வராந்தாவுல நின்னுக்கிட்டு கடவுள்கிட்ட, இவ டென்னிஸே ஆட வேணாம், பந்தையே தொட வேணாம், அந்த விளக்கு அணைஞ்சு அவ நடந்து வந்தா போதும்னு கேட்டேன். நாப்பது நிமிஷம் ஆச்சு. தரையில எத்தனை டைல்ஸ் இருந்துச்சுங்கிறீங்க? கதவுலேர்ந்து லிஃப்ட் வரைக்கும் நூத்தி முப்பத்தி ரெண்டு. அப்பவும் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன் சார். நாய் வாலை ஆட்டுற மாதிரி அது பாட்டுக்கு ஓடுது.

கொஞ்சம் தண்ணி குடுங்க. தேங்க்ஸ்.

ஒண்ணும் இல்ல சார். இதயம் நல்லா இருக்கு. டாக்டரம்மா சின்ன வயசுதான், கூப்பிட்டு உக்கார வச்சாங்க. அளவுக்கு மீறின அலுப்பு, சரியான சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல. அதோட அவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள இருந்துட்டுச் சட்டுனு மேல வந்ததுல ரத்த அழுத்தம் இறங்கிப் போச்சு. எப்படிப் பயிற்சி குடுக்கிறீங்கன்னு கேட்டாங்க. நான் நோட்டை எடுத்து நீட்டினேன். அந்த நேரத்துலயும் ஒரு ஓரத்துல, பாராட்டுவாங்கன்னு நெனச்சிருக்கேன் பாருங்க.

அவங்க நாலு பக்கம் புரட்டினாங்க. "சார், சுவர்க் கடிகாரம்கூட இவ்வளவு ஒழுங்கா அடிக்காது"ன்னாங்க. அப்புறம் நந்திதாவைப் பாத்து, "நீ எண்ணினியாம்மா?"ன்னு கேட்டாங்க.

அவ மேல ஃபேனைப் பாத்துக்கிட்டே சொன்னா, "இல்ல ஆன்ட்டி. எண்ணுறதுக்கு மூச்சு இருக்காது. இருபத்தெட்டுன்னு சொன்னா அப்பா கத்த மாட்டாரு."



டாக்டரம்மா அப்புறம் சொன்னதுதான் சார் பெரிய அடி. கழுத்து வரைக்கும் தண்ணில நின்னா, தண்ணி சுத்தியிருந்து ஒடம்பை அமுக்குது. கால்ல, வயித்துல இருக்கிற ரத்தம் மேல இதயத்துக்கு நெறைய வருது. ஒவ்வொரு துடிப்புலயும் இதயம் அதிக ரத்தத்தைத் தள்ளுது. அதனால அதே வேலைக்குத் தரையில அடிக்கிறதைவிடத் தண்ணில பத்து, பதினஞ்சு துடிப்பு கம்மியாத்தான் அடிக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறுமாம். "முதல் நாள் நூத்தைம்பதுன்னு நீங்களே எண்ணி எழுதியிருக்கீங்களே, அதுவே தரையில நூத்தி அறுபத்தஞ்சுக்குச் சமம். அன்னிக்கு அவ சரியாத்தான் ஓடியிருக்கா"ன்னாங்க. தரைக்கு எழுதின சார்ட்டைத் தண்ணிக்குப் போட்டிருக்கேன் சார் நான்.

அப்புறம் அவங்க கேட்டாங்க, "சார் என்ன வேலை பாக்குறீங்க?"

குடிநீர் வாரியத்துல பொறியாளர், தண்ணியோட அழுத்தத்தைக் கணக்குப் போட்டுக் குழாய் வடிவமைக்கிறதுதான் என் வேலைன்னு சொன்னேன். அவங்க மேசை மேல இருந்த தண்ணி பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடிச்சாங்க. ஒரு அடி ஆழத்துக்கு எவ்வளவு அழுத்தம்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன் சார். இரும்புக் குழாய், பிளாஸ்டிக் குழாய், சிமெண்ட் குழாய், எல்லாத்தையும் தண்ணி அமுக்கும்னு தெரியும். என் பொண்ணையும் அமுக்கும்னு தோணவே இல்ல.

அதோட முடிஞ்சதான்னா, இல்ல. "உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது, கையை நீட்டுங்க"ன்னாங்க. ரத்த அழுத்தம் நூத்தி எழுபத்தெட்டுக்கு நூத்தி எட்டு. நாடி நூத்திப் பதினாலு, சும்மா நாற்காலியில உக்காந்தபடிக்கு. அவ இதயத்தை ஆராய்ச்சி பண்ணப் போய், பழுதான இதயம் நாற்காலியிலதான் இருந்திருக்கு. மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. உப்பைக் குறைங்க, எடையைக் குறைங்க, முட்டி வலி இருக்குதுங்கிறீங்க, அதனால தண்ணில நடங்கன்னாங்க. தண்ணிலதான் சார். காலையில ஆறு மணி பேட்ச்ல பாருங்க, இடுப்பளவுல ஒரு ஓரமா கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, ரெண்டு ரிட்டயர்டு பேங்க் மேனேஜருக்கு நடுவுல நடப்பேன். தொப்பை முன்னாடி போகும், நான் பின்னாடி போவேன்.

அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் நந்திதா கையை நீட்டினா. ஸ்டாப்வாட்ச்சைக் குடுத்தேன். நேரா சமையக்கட்டுக்குப் போய் அரிசி டின்னுக்குள்ள கையை விட்டு அடியில புதைச்சா. இன்னும் அங்கதான் இருக்கு. அரிசி அளக்கிறப்ப சுகந்தி கையில தட்டுப்படும், அப்ப என்னை ஒரு பார்வை பாப்பா. அதுக்கப்புறம்தான் இந்தத் தடை, முப்பது நாள், எல்லாம். இன்னொண்ணும் சொன்னா. தினம் பயிற்சி முடிஞ்சு வந்து என் நாடியை அவ எண்ணுவாளாம். பத்து செகண்ட், ஆறால பெருக்கு. அந்த நோட்டுலயே எழுதுறா, பின்பக்கத்துலேர்ந்து. மாத்திரை போட ஆரம்பிச்சதுலேர்ந்து பதிமூணு, எழுபத்தெட்டு. நல்லா இருக்குன்னு சொல்லிட்டுத் தலை துவட்டப் போயிடுவா. வேற பேச்சு அதிகம் இல்ல. அப்பல்லாம் பஸ்ல நான் மட்டும் பேசிக்கிட்டு வந்தேன்ல, அதுக்கு இது சரியாப் போச்சு.

பெலிக்ஸ் சார் திரும்பி வந்தாரு. நடந்ததைச் சொன்னேன். திட்டுவாருன்னு பாத்தேன். "கேள்வி கேட்டீங்களா சார்?"ன்னு மட்டும் கேட்டாரு. இப்ப பழையபடி வாரம் மூணு நாள், அரை மணி நேரம், முடிச்சதும் மெதுவா மேல வர்றது. போன வாரம் கரூர்ல ஒரு மேட்ச். நான் போகல, எங்க போறது. அவர் போன் பண்ணினாரு. மூணாவது செட் ஆறுக்கு மூணு, ஜெயிச்சுட்டா. முழங்கால்ல கையை ஊன்றினாளான்னு கேட்டேன். இல்ல சார், நிமிந்து நின்னான்னாரு. போனைக் கீழ வச்சுட்டு பாத்ரூம்ல போய்க் கொஞ்ச நேரம் நின்னேன். ஆறு வருஷத்துல அவ மூணாவது செட் ஜெயிச்சு நான் பாத்ததில்ல சார். ஜெயிச்சப்பவும் பாக்கல.

அதான் மதுரை. நான் கத்த மாட்டேன், ஸ்கோர்கூட எண்ண மாட்டேன். ஒரு ஓரமா உக்காந்து, மூணாவது செட்டுல அவ நிமிந்து நிக்கிறதை ஒரு தடவை பாக்கணும், அவ்வளவுதான்.

நீளமா ஊதினாரு பாருங்க, முடிஞ்சது. கடைசி விசில். பதினெட்டு. சார், நீங்க எதுவும் கேக்கல, நானும் எதுவும் சொல்லல, என்ன. சிரிக்காதீங்க, வந்துருவா.

வாம்மா. இவர் புதுசா சேந்திருக்கிற பொண்ணோட அப்பா. சும்மா பேசிக்கிட்டிருந்தோம். ஸ்டேடியத்துல பார்க்கிங் வசதி பத்தி.

இந்தா கை. ஈரக் கையா இருந்தா என்ன, பிடி.

என்ன கேட்ட? எண்ணினேனாவா? இல்லம்மா. எதுக்கு எண்ணப் போறேன். இவரைக் கேளு.

ம். எவ்வளவு? பதினாறா? இருக்காதே, சரியாப் பாரு. தொண்ணூத்தி ஆறா. படி ஏறினேன்ல, அதனால இருக்கும். எந்தப் படியா? இங்க படி இல்லதான்.

சரிம்மா. எண்ணினேன். மத்த நாள் சத்தியமா இல்ல, போன்ல பாட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். இன்னிக்குப் பேச்சு சுவாரசியத்துல அது பாட்டுக்கு வந்துருச்சு. பதினெட்டு. போதுமா?

என்னது? இருபதா? இல்லையே, பதினெட்டுதான்மா கேட்டேன்.

நீ ஓடினவ, உனக்குத் தெரியாதா. இருபதுன்னா இருபதுதான்.

சார், ரெண்டு விசில் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். உங்ககிட்ட கதை சொல்றப்ப அந்த எக்கோ ரூம் வாசல்லயே போய் நின்னுட்டேன்ல. அப்ப ஊதியிருக்காரு. எனக்குக் கேக்கல.

இல்லம்மா, உன்கிட்ட சொல்லல, சார்கிட்ட. ஒண்ணுமில்ல. கண்ணுல குளோரின் பட்டுருச்சு. வெளிய இருந்தாலும் படும்.

போ, தலையைத் துவட்டு. நோட்டுல தொண்ணூத்தி ஆறுன்னே எழுதிக்கோ. தோத்தது தோத்ததுதான், நான் டிவி பாத்துக்கிறேன். நீ பெலிக்ஸ் சாரோட வேன்ல...

என்னம்மா?

சரி. சரிம்மா. எடுத்துக்கிறேன். மறக்க மாட்டேன்.

சார், கேட்டீங்களா? என்ன சொல்லிட்டுப் போறா தெரியுமா, ஞாயித்துக்கிழமை காலையில மறக்காம மாத்திரை போட்டுட்டு வாங்கன்னு சொல்லிட்டுப் போறா. வாங்கன்னு சொன்னா சார். உங்க காதுலயும் விழுந்துச்சுல்ல? நீங்கதான் சாட்சி.

சரி, நீங்க உள்ள போங்க, உங்க பொண்ணு தேடும். ஸ்டாப்வாட்ச் பைக்குள்ளயே இருக்கட்டும். இனிமே அவ ஓடுறப்ப ஏதாவது ஒரு கேள்வி கேளுங்க. நான் கொஞ்சம் இங்கயே உக்காந்திருக்கேன். இப்ப யாராவது என் நாடியைப் பிடிச்சா நேரா அந்த எக்கோ ரூமுக்கே அனுப்பிருவாங்க.